15 பேருக்கு ஐஸ் டீ: கணக்கை ஐஸிலிருந்து தொடங்குங்கள்

வீட்டுக்கு 15 பேர் வருகிறார்கள், மதிய நேரம், நல்ல வெக்கை. சூடான டீக்குப் பதில் ஐஸ் டீ கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். இரண்டு பேருக்குப் போட்டுப் பார்த்தீர்கள். முதல் வாய் கசந்தது, ஐஸ் கரைந்ததும் வெறும் தண்ணீராகிவிட்டது, ஃப்ரிட்ஜில் வைத்த மிச்சம் கலங்கிப் போயிருந்தது. 15 பேருக்கு எவ்வளவு போட வேண்டும், எப்படி, எப்போது? இதுதான் கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கசப்பு, தண்ணீர்த்தனம், கலங்கல் மூன்றும் தனித்தனிக் கோளாறு மாதிரி தெரியும். ஆனால் மூன்றும் பெரும்பாலும் ஒரே பழக்கத்திலிருந்துதான் வருகின்றன. நாம் வழக்கமாகக் குடிக்கிற சூடான டீயைப் போட்டு, அதை ஆறவைத்து, மேலே ஐஸ் போடுகிறோம். ஐஸ் கரைந்தால் தண்ணீர். அந்தத் தண்ணீரை யாரும் அளப்பதில்லை. டீத்தூளை ஸ்பூனால் அளக்கிறோம், சர்க்கரையை அளக்கிறோம், தண்ணீரைக்கூட டம்ளரால் அளக்கிறோம். ஐஸை மட்டும் கைக்கு வந்தபடி போடுகிறோம். அப்புறம் டீ நீர்த்துவிட்டது என்று அடுத்த முறை தூளை இன்னும் 10 நிமிடம் கொதிக்கவிடுகிறோம். கசப்பு அங்கிருந்து வருகிறது. ஆகவே கணக்கை விருந்தாளி கையில் இருக்கும் கிளாஸிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவோம்.

300 மில்லி கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குச் சற்று மேலே ஐஸ் கட்டிகளைப் போட்டால் சுமார் 100 கிராம் ஐஸ் பிடிக்கும். மீதி இடத்தில் 180 மில்லி டீ ஊற்றலாம். வெயிலில் வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடிப்பார்கள். ஒருவர் மூன்று குடித்தால் இன்னொருவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார், சராசரி அங்கேதான் வந்து நிற்கும். ஆக 30 கிளாஸ். டீ 5.4 லிட்டர், சிந்துவது சிதறுவது சேர்த்து 6 லிட்டர். ஐஸ் 3 கிலோ கிளாஸுக்குள் போகும். மேஜையில் கிடந்தே கரைவது, இரண்டாவது முறை கேட்பவர்கள் கூடுதலாக அள்ளிப்போடுவது எல்லாம் சேர்த்து 5 கிலோ கைவசம் இருந்தால் நிம்மதி. டீ தீர்ந்தால் 10 நிமிடத்தில் மறுபடி போட்டுவிடலாம். ஐஸ் தீர்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, அந்த 100 கிராம் ஐஸில் எவ்வளவு கரையும்? ஊற்றும் டீ எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்தது. 1 கிராம் ஐஸ் கரைய ஏறக்குறைய 334 ஜூல் வெப்பம் வேண்டும். 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி குளிரவைக்க 4.2 ஜூல் எடுக்க வேண்டும். இந்த இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், 30 டிகிரியில் இருக்கும் 180 மில்லி டீயை 2 டிகிரிக்கு இறக்க சுமார் 62 கிராம் ஐஸ் கரைய வேண்டும். அதாவது ஊற்றிக் கலக்கியவுடனே பாதிக்கு மேல் ஐஸ் காலி, டீயில் கால் பங்குக்கு மேல் தண்ணீர் சேர்ந்தாயிற்று. அதே டீயை ஃப்ரிட்ஜில் வைத்து 5 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு ஊற்றினால் கரைவது வெறும் 7 கிராம். அப்புறம் பேசிக்கொண்டே குடிக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது தனி. வீட்டு ஐஸ் டீ நீர்த்துப்போவதற்கு மருந்து இதுதான்: டீ முதலில் ஃப்ரிட்ஜில் ஜில்லென்று ஆக வேண்டும், அதன் பிறகுதான் ஐஸைப் பார்க்க வேண்டும். ஐஸின் வேலை குளிரைக் காப்பாற்றுவது. குளிரவைக்கும் வேலையை ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொள்ளட்டும்.

கொதிக்கக் கொதிக்க டீயை ஐஸ் மேல் ஊற்றுகிற முறையும் இருக்கிறது. கடைகளில் ஒரு கிளாஸ் கேட்டால் அப்படித்தான் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு கிளாஸுக்கு அது அருமையான வழி, வாசனை அப்படியே பிடிபட்டு நிற்கும். கூட்டத்துக்கு ஆகாது. 90 டிகிரியில் இருக்கும் 1 லிட்டர் டீயை 5 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 1 கிலோ ஐஸ் கரையும். உங்கள் 6 லிட்டரை இந்த முறையில் போட்டால், 3 லிட்டர் காட்டமான டிகாஷனைக் குளிரவைக்கவே 3 கிலோ ஐஸ் போய்விடும், கிளாஸில் போட வேண்டியது தனி. 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் சூடான டீயை யாரும் சீந்தவில்லை என்பதால் ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர் அதில் ஐஸைப் போட்டு விற்றார், ஐஸ் டீ அன்றுதான் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கதை சுவையானதுதான். ஆனால் அதற்கு முன்பே, 1870-களிலேயே, அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் ஐஸ் டீ செய்முறை அச்சாகியிருக்கிறது. அந்தக் கண்காட்சி செய்தது அதை ஊரறிய வைத்தது மட்டும்தான்.

இப்போது தூள். குருணையாக உருட்டிய சிடிசி தூள், டஸ்ட் தூள் இரண்டும் பால் டீக்குப் பொருத்தமானவை. இரண்டு நிமிடத்தில் நிறமும் துவர்ப்பும் இறங்கிவிடும். பால் இருந்தால் அந்தத் துவர்ப்பை அது அடக்கும். ஐஸ் டீயில் பால் இல்லை. அதனால் முடிந்தால் முழு இலையாகவோ பெரிய துண்டுகளாகவோ இருக்கும் இலைத் தேயிலையை வாங்குங்கள். இலங்கைத் தேயிலை, நீலகிரித் தேயிலை இரண்டும் ஐஸ் டீக்குப் பேர்போனவை. குளிர்ந்த பிறகும் ஓரளவு தெளிவாக நிற்கும், எலுமிச்சையோடு நன்றாகச் சேரும். அஸ்ஸாம் தேயிலை சூடாகக் குடிக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் கலங்கும். வீட்டில் சிடிசி தூள்தான் இருக்கிறது என்றால் அதிலும் போடலாம். அளவைக் குறைத்து, நேரத்தையும் 3 நிமிடத்தோடு நிறுத்துங்கள். விலையுயர்ந்த, மென்மையான மணமுள்ள தேயிலையை இதற்குச் செலவழிக்காதீர்கள். குளிர்ந்த பானத்திலிருந்து மணம் குறைவாகவே எழும், எலுமிச்சை வேறு அதை மூடிவிடும்.

அளவு: சூடாகக் குடிக்கும் கறுப்பு டீக்கு லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் இலை போதும். ஐஸில் கரையப்போகும் தண்ணீரைக் கணக்கில் எடுத்தால் லிட்டருக்கு 14 கிராம். 6 லிட்டருக்கு 85 கிராம் இலை. சிடிசி என்றால் 60 கிராம். சமையலறைத் தராசு இருந்தால் அதில் நிறுத்துப் போடுங்கள், இலைக்கு இலை பருமன் வேறுபடுவதால் ஸ்பூன் கணக்கு ஏமாற்றும். அடர்த்தி வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். இதை மட்டும் மனதில் போட்டுக்கொண்டால் பாதிக் கசப்பு போய்விடும். நேரம் ஏற ஏற ருசியைவிடத் துவர்ப்புதான் அதிகம் இறங்கும்.

6 லிட்டர் தண்ணீரையும் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. பாதியைக் கொதிக்கவைத்தால் போதும். 3 லிட்டர் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, 85 கிராம் இலையைப் போட்டு, மூடி, 4 நிமிடம் விடுங்கள். அதிகபட்சம் 5. இலை போட்ட பிறகு கொதிக்கவிட வேண்டாம், பால் டீ போடும் பழக்கத்தில் கை தானாக அடுப்பைக் கூட்டப் போகும், அதைத் தடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வடிகட்டுங்கள். வடிகட்டியில் தங்கிய இலையைக் கரண்டியால் அழுத்திப் பிழியக் கூடாது. கடைசிச் சொட்டு வீணாகிறதே என்று இருக்கும். ஆனால் அந்தக் கடைசிச் சொட்டில் இருப்பது பெரும்பாலும் துவர்ப்பும் வண்டலும்தான். இவ்வளவு இலை ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதை மேலே ஊற்றும் தண்ணீரில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

வடித்த டிகாஷன் சூடாக இருக்கும்போதே அதை 3 லிட்டர் சாதாரணக் குடிநீரில் ஊற்றுங்கள். கொதித்து ஆறிய நீரோ வடிகட்டிய நீரோ எதுவானாலும் அப்படியே குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். இதில் இரண்டு லாபம். ஒன்று, 90 டிகிரியில் இருந்தது ஒரே நொடியில் 57, 58 டிகிரிக்கு இறங்கிவிடும், ஆறக் காத்திருக்கும் நேரம் குறைகிறது. இரண்டாவது லாபம் பெரியது. அது கலங்கல் பற்றியது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டீ ஏன் கலங்குகிறது? கறுப்புத் தேயிலைக்கு நிறத்தையும் துவர்ப்பையும் தரும் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற பொருட்கள் சூட்டில் கரைந்து இருக்கும். டீ குளிரும்போது இவை காஃபீனோடு கைகோத்துக்கொண்டு சின்னத் துகள்களாகத் திரளும். தேயிலைத் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு ‘கிரீம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சூடான டீ ஆறும்போது நன்றாகக் ‘கிரீம்’ கட்டினால் அது சத்துள்ள தேயிலை என்று சுவைப்பவர்கள் மெச்சுவதும் உண்டு. ஆக, கலங்கிய டீ கெட்டுப்போன டீ இல்லை, குடிக்கலாம். கண்ணாடி ஜக்கில் பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

டிகாஷன் எவ்வளவு காட்டமோ அவ்வளவு கலங்கும். காட்டமான டிகாஷனை அப்படியே ஆறவிட்டால் துகள்கள் திரண்டுவிடும். சூடாக இருக்கும்போதே நீர்த்துவிட்டால் அவை ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு குறைகிறது. மேலே சொன்ன இரண்டாவது லாபம் இதுதான். அடுத்தது வேகம். சூடான பாத்திரத்தை நேராக ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினால் கலங்கல் கூடும், ஃப்ரிட்ஜில் இருக்கும் மற்ற சாப்பாட்டுக்கும் அந்தச் சூடு நல்லதில்லை. வெளியே வைத்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பு வந்ததும் உள்ளே வையுங்கள். ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. ராத்திரி முழுக்க மேஜையிலேயே விட்டுவிட வேண்டாம். மூன்றாவது, தண்ணீர். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணீரில் டீ மங்கலாகவும் மேலே ஆடை மாதிரி ஒரு படலத்தோடும் வரும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு உட்காரும் தண்ணீர் என்றால் அன்றைக்கு மட்டும் சுத்திகரித்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவும் செய்து கலங்கிவிட்டால் பதற வேண்டாம். ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கலக்கினால் பெரும்பாலும் தெளியும். எலுமிச்சைச் சாறு சேர்த்தாலும் நிறம் வெளுத்துக் கலங்கல் அவ்வளவாகத் தெரியாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுகிறவர்களும் உண்டு. துவர்ப்பு மட்டுப்படும், நிறம் கறுக்கும். எனக்கு அதில் டீயின் உயிரே போய்விடுகிற மாதிரி இருக்கும், நான் போடுவதில்லை. அதுவும் அளவு மீறினால் சோப்பு ருசி வந்துவிடும்.

அடுத்து சர்க்கரை. குளிர்ந்த டீயில் சர்க்கரை போட்டால் ஜக்கின் அடியில் மணலாகத் தங்கும். முதல் ஐந்து பேருக்கு இனிப்பே இருக்காது, கடைசி ஆளுக்குப் பாயசம். சூட்டிலேயே கலந்துவிடலாமே என்றால், எல்லோருக்கும் ஒரே இனிப்பு என்றாகிவிடும். 15 பேரில் சர்க்கரை வேண்டாதவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அதனால் டீயை இனிப்பில்லாமலே போட்டு, பாகைத் தனியாக வையுங்கள். 400 கிராம் சர்க்கரை, 400 மில்லி தண்ணீர், சர்க்கரை கரைந்து தெளியும்வரை சூடாக்கினால் போதும். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், பதம் வந்தால் குளிரில் கலக்காது. ஏறக்குறைய 650 மில்லி பாகு கிடைக்கும். கிளாஸுக்கு 20 மில்லி, அதாவது 12 கிராம் சர்க்கரை. 30 கிளாஸுக்குச் சரியாக வரும். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாராளமாக இருக்கும் என்பதால் இதை முன்கூட்டியே செய்து ஒரு வேலையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இனிப்பைச் சூட்டில் ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாக்குக்குக் குளிரில் இனிப்பு மங்கலாகத்தான் தெரியும். சூடாக இருக்கும்போது சரியாக இருந்த அதே டீ குளிர்ந்ததும் சப்பென்று இருக்கும். ஒரு தடவை இப்படித்தான் சூட்டில் ருசி பார்த்து ‘அம்சமாக இருக்கிறது’ என்று 4 லிட்டரையும் இனிப்பாக்கி வைத்துவிட்டேன். மறுநாள் குடித்தவர்கள் எல்லோரும் மரியாதைக்குச் சிரித்தார்கள். ருசி பார்ப்பதென்றால் ஒரு கிளாஸில் ஐஸ் போட்டு, டீ ஊற்றி, பாகு கலந்து, 5 நிமிடம் விட்டுக் குடித்துப் பாருங்கள். விருந்தாளி குடிக்கப்போவது அதைத்தான்.

எலுமிச்சை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சாறு வேறு, வட்டமாக நறுக்கிய துண்டு வேறு. துண்டுகளை முந்தின இரவே ஜக்கில் போட்டு ஊறவைத்தால் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் கசப்பு இறங்கிவிடும். காலையில் டீயைப் பழி சொல்வோம். சாறு மட்டும் பிழிந்து, டீ குளிர்ந்த பிறகு, பரிமாறுவதற்குச் சற்று முன்னால் சேருங்கள். லிட்டருக்கு 30 மில்லியில் தொடங்கலாம். 6 லிட்டருக்கும் சேர்ப்பதென்றால் பழத்தின் அளவைப் பொறுத்து 7 முதல் 9 பழம் ஆகும். துண்டுகளைக் கிளாஸ் விளிம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாறு விழுந்ததும் அடர் பழுப்பு டீ செம்புப் பாத்திரத்தின் நிறத்துக்கு வெளுக்கும். டீயின் நிறப்பொருட்கள் புளிப்பில் வெளுக்கும் இயல்புள்ளவை. நீர்த்துவிட்டதோ என்று நினைத்து யாரும் டிகாஷன் சேர்க்க ஓட வேண்டாம்.

புதினாவையும் இஞ்சியையும் டீயோடு சேர்த்துக் கொதிக்கவைப்பதைவிடப் பாகில் இறக்குவது எளிது. பாகு சூடாக இருக்கும்போது ஒரு கைப்பிடி புதினாவைக் கசக்கிப் போட்டு, 10 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் காய்ந்த புல் வாசனை வரும். இஞ்சி என்றால் நசுக்கிப் போட்டு 5 நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். இரண்டு பாகு வைத்தால் ஒரே டீயிலிருந்து இரண்டு பானம் கிடைத்துவிடும். பழக்கூழ் சேர்க்கலாமா என்றால் சேர்க்கலாம், ஆனால் அதைக் கிளாஸில் சேருங்கள், ஜக்கில் வேண்டாம். பால் கேட்கிற ஒருவர் எப்படியும் வருவார். அவருக்கு எலுமிச்சை சேராத டீயைத் தனியாக எடுத்து வையுங்கள், சேர்ந்ததில் பால் விட்டால் திரிந்துவிடும்.

இந்த வேலை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குக் குளிர்நீரில் ஊறவைக்கும் முறை இருக்கிறது. உண்மையில் ஃப்ரிட்ஜில் இடமிருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். லிட்டருக்கு 10 முதல் 12 கிராம் இலையைக் குளிர்ந்த குடிநீரில் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் 8 முதல் 10 மணி நேரம் வைத்து வடிகட்டினால் முடிந்தது. துவர்ப்புப் பொருட்கள் குளிரில் அவ்வளவாக இறங்காது. அதனால் கசக்காது, கலங்கவும் செய்யாது, மென்மையாக, லேசான இனிப்போடுகூட இருக்கும். குறை என்னவென்றால் அந்த ‘நறுக்’ இருக்காது. எலுமிச்சையும் பாகும் சேர்த்தால் டீ பின்னால் ஒதுங்கிவிடும். எதுவும் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கு இது, எலுமிச்சை டீ கேட்பவர்களுக்குச் சூட்டில் போட்டது. பச்சைத் தேயிலைக்கும் இந்த முறை ரொம்பப் பொருந்தும். அதைச் சூட்டில் போடுவதென்றால் 70 முதல் 80 டிகிரி தண்ணீரில் 2, 3 நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 6 லிட்டருக்கு அந்த அக்கறை எடுப்பது சிரமம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குளிர்நீரில் ஊறவைப்பது ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான். கண்ணாடிக் குடுவையில் இலையும் தண்ணீரும் போட்டு வெயிலில் வைத்து ‘சூரிய டீ’ போடும் வழக்கம் ஒன்று உண்டு, படங்களில் அழகாக இருக்கும். வெயிலில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகுமே தவிர, கிருமி சாகும் சூடு வராது. இலையோடு வரும் கிருமிகள் மணிக்கணக்கில் பெருக வசதியான கதகதப்பு அது. 15 பேருடைய வயிற்றை வைத்துச் சோதனை வேண்டாம். எந்த முறையில் போட்டாலும் சரி, டீ கெட்டியாக நூல் நூலாக வழிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பாத்திரம் பற்றி இரண்டு வார்த்தை. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் மூன்றும் நல்லது. இரும்புச் சட்டி தொட்டால் டீ கறுத்து மை மாதிரி ஆகும். அலுமினியத்தில் எலுமிச்சை சேர்ந்த டீயை வைக்கக் கூடாது. சாதாரணக் கண்ணாடி ஜக்கில் சூடான டிகாஷனை ஊற்றாதீர்கள். அது விரிசல் விட்டு, 2 லிட்டர் டீ சமையலறைத் தரையெல்லாம் ஓடி, நான் துடைத்த கதை உண்டு. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி என்று எழுதியிருந்தால் ஒழிய, எவர்சில்வரில் கலந்து ஆறிய பிறகு ஜக்குக்கு மாற்றுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கும்போது இறுக்கமாக மூடி வையுங்கள். டீ பக்கத்தில் இருக்கும் வெங்காய வாசனையை உடனே பிடித்துக்கொள்ளும்.

ஐஸ் தயாரிப்பை 5 நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும். சாதாரண ஐஸ் ட்ரே ஒன்றில் 250 முதல் 300 கிராம்தான் கிடைக்கும். இரண்டு ட்ரேயைக் காலையிலும் இரவிலும் நிரப்பினால் நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உறைந்ததும் எடுத்து மூடிய பையில் போட்டு ஃப்ரீசரில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். திறந்து கிடந்தால் ஐஸும் மீன் வாசனை, இறைச்சி வாசனை எல்லாம் பிடிக்கும். பெரிய கட்டி மெதுவாகக் கரையும், உடைத்த ஐஸ் சீக்கிரம் கரையும், அதனால் உடைக்காதீர்கள். வெளியே வாங்குவதென்றால் குடிநீரில் செய்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். மீன், காய்கறியைப் பாதுகாக்கச் செய்யும் பாளம் வேறு. டீயையே ட்ரேயில் ஊற்றி உறையவைப்பது நல்ல தந்திரம், கரைந்தாலும் நீர்க்காது. 30 கிளாஸுக்கும் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் மெதுவாகக் குடிக்கிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கட்டி போட ஒரு ட்ரே செய்து வைக்கலாம்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. முந்தின நாள் சாயங்காலமே டீ போட்டு ஃப்ரிட்ஜில் ஏற்றியாயிற்று, பாகும் தயார். விருந்தாளிகள் வருவதற்கு அரை மணி நேரம் முன் எலுமிச்சை பிழியுங்கள், ஜக்குகளில் டீயை ஊற்றுங்கள். ஜக்கில் ஐஸ் போடாதீர்கள், கிளாஸில்தான் போட வேண்டும். ஜக்கில் போட்டால் முதல் ஆளுக்கு ஒரு டீ, பத்தாவது ஆளுக்கு வேறு டீ. 6 லிட்டரையும் ஒரேயடியாக வெளியே எடுக்காமல் 2 லிட்டராக எடுத்து, மீதியை உள்ளேயே வையுங்கள். ஐஸை மூடியுள்ள பாத்திரத்தில், அள்ளுவதற்கு ஒரு கரண்டியோடு வையுங்கள். கரண்டி இல்லையென்றால் எல்லோரும் கையைத்தான் விடுவார்கள்.

ஃப்ரிட்ஜில் 6 லிட்டருக்கு இடமில்லை என்றால், 3 லிட்டர் டிகாஷனை நீர்க்காமல் அப்படியே உள்ளே வைத்து, பரிமாறும்போது அதே அளவு குளிர்ந்த தண்ணீர் சேருங்கள். கொஞ்சம் கலங்கும், ஆனால் ருசி கெடாது. இந்த ஏற்பாட்டில் கண்ணாடி ஜக்கை விட்டு எவர்சில்வர் ஜக்கில் பரிமாறுங்கள், யாருக்கும் தெரியாது.

குழந்தைகள் இருந்தாலோ, காஃபீன் இருந்தால் ராத்திரி தூங்க முடியாதவர்கள் இருந்தாலோ, ஒரு ஜக் செம்பருத்திப் பூ டீ போட்டு வையுங்கள். பானத்துக்கென்றே விற்கும் உலர்ந்த பூவாக இருக்கட்டும். லிட்டருக்கு 10 கிராம், கொதித்த தண்ணீரில் 8, 10 நிமிடம். அதற்குப் புளிப்பு இயல்பாகவே உண்டு, எலுமிச்சை வேண்டாம். சிவப்பு நிறத்தைப் பார்த்தாலே பிள்ளைகள் அந்த ஜக்கைத்தான் முதலில் காலி செய்வார்கள், கூடவே பெரியவர்களும். ஆகவே ஒரு லிட்டருக்குப் பதில் ஒன்றரையாகப் போடுங்கள்.

மிஞ்சினால், ஃப்ரிட்ஜிலேயே இருந்த டீ மறுநாள் வரைக்கும் நன்றாக இருக்கும். மேஜையில் மணிக்கணக்காக நின்ற ஜக்கையும், பழத்துண்டு மிதந்த ஜக்கையும் அன்றே கொட்டிவிடுங்கள். எலுமிச்சை சேராத மிச்சத்தை ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.